'கேஸ்ட்ரிக்' மாத்திரைக்கும் அடங்காத வயிறு: ஐபிஎஸ் தொல்லைக்கு இயற்கை வழிகள் எந்த அளவுக்கு உதவும்?

காலையில் ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, ஒரு தே தாரிக். தானா ராத்தாவின் சாப்பாட்டுக் கடைகளில் இது வழக்கமான பசியாறல். பலருக்கு மதியம் வரை தாங்கும். சிலருக்கோ ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி, முறுக்கி, கழிப்பறையைத் தேட வைத்துவிடும்.

"கேஸ்ட்ரிக்தான், மாத்திரை போட்டா சரியாயிடும்" என்பார்கள் வீட்டில். "சூடு பிடிச்சிருக்கு, வெந்தயம் முழுங்கு" என்பார் பாட்டி. மாதக்கணக்கில் இப்படியே போனால், அது ஐபிஎஸ் எனப்படும் 'இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்' ஆக இருக்கலாம். தமிழில் இதைக் குடல் எரிச்சல் நோய்க்குறி என்கிறார்கள்.

இதை ஒரேயடியாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. அதனால்தான் இஞ்சிச் சாறு, கற்றாழை, சூரணம், ஜாமு என்று ஆளுக்கொரு 'இயற்கை வைத்தியம்' வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இவற்றில் சிலவற்றுக்கு நல்ல ஆய்வு ஆதாரம் உண்டு. சிலவற்றுக்கு இல்லை. சில ஆபத்தானவை. எது எந்த வகை என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஐபிஎஸ்னா என்ன?

வயிற்று வலியும், மலம் கழிப்பதில் மாற்றமும் சேர்ந்து திரும்பத் திரும்ப வருவதுதான் ஐபிஎஸ். கேமரா விட்டுப் பார்த்தால் புண் இருக்காது. ஸ்கேனில் கட்டி தெரியாது. ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கும். குடலின் அமைப்பில் கோளாறு இல்லை, அது வேலை செய்யும் விதத்தில்தான் கோளாறு.

மருத்துவர்கள் இப்போது பின்பற்றுவது 2016இல் வெளியான 'ரோம் 4' வரையறை. அதன்படி கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி வந்திருக்க வேண்டும். அதோடு இந்த மூன்றில் இரண்டாவது பொருந்த வேண்டும்:

- வலிக்கும் மலம் கழிப்பதற்கும் தொடர்பு இருப்பது
- மலம் கழிக்கும் தடவைகள் கூடுவது அல்லது குறைவது
- மலத்தின் தன்மை மாறுவது

தொல்லை முதன்முதலில் தொடங்கி 6 மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும். ஆக, கெட்டுப்போன நாசி லெமாக் சாப்பிட்டு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் அது ஐபிஎஸ் அல்ல.

சிலருக்கு மலச்சிக்கல் அதிகம், சிலருக்கு வயிற்றுப்போக்கு அதிகம், சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும். எந்த வகை என்பதைப் பொறுத்தே எந்த வழி உதவும் என்பதும் மாறும். மலச்சிக்கல்காரருக்குக் கேட்ட வைத்தியத்தை வயிற்றுப்போக்குக்காரர் செய்து பார்த்தால் நிலைமை மோசமாகலாம்.

எத்தனை பேருக்கு இது இருக்கிறது? 33 நாடுகளில் நடத்தப்பட்டு 2021இல் வெளியான பெரிய ஆய்வில், இணையம் வழியாகப் பதிலளித்தவர்களில் சுமார் 4 சதவீதத்தினருக்கு ஐபிஎஸ் இருந்தது. மலேசியாவில் 533 மருத்துவ மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வில், அன்றைய வரையறையின்படி 15.8 சதவீதத்தினருக்கு இருந்தது. பழைய வரையறைகள் தளர்வானவை என்பதால் எண்ணிக்கை கூடுதலாகத் தெரியும். எப்படிப் பார்த்தாலும் இது அரிய நோய் அல்ல. ஆண்களைவிடப் பெண்களிடமும், முதியவர்களைவிட இளையவர்களிடமும் அதிகம்.

ஏன் வருது?

ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. நம் குடலுக்கென்று தனி நரம்பு வலைப்பின்னல் இருக்கிறது. அதில் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் உள்ளன. அவை மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. ஐபிஎஸ் உள்ளவர்களில் பலருக்கு இந்தத் தொடர்பு கூர்மையாகிவிடுகிறது. மற்றவர்கள் உணரவே உணராத அளவு காற்றும், குடல் அசைவும் இவர்களுக்கு வலியாகத் தெரியும்.

கடுமையான வயிற்றுப்போக்கு அல்லது உணவு நஞ்சான பிறகு, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஐபிஎஸ் தொடங்குவதாக ஆய்வுகள் சொல்கின்றன. 2014 டிசம்பரில் கிளந்தானைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளத்துக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவர்களிடம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வும் தொடர் வயிற்று வலியையும் ஐபிஎஸ்ஸையும் பதிவு செய்தது.

தேர்வு, வேலை, குடும்பப் பிரச்சினை தரும் மன அழுத்தமும் தூண்டும். எஸ்பிஎம் தேர்வு அன்று காலையில் மட்டும் நான்கு தடவை கழிப்பறைக்கு ஓடியவர்களுக்கு இது புரியும். ஆனால் "எல்லாம் உன் மனசுலதான் இருக்கு" என்று சொல்வது தவறு. வலி உண்மையானது. நரம்புகள் அனுப்பும் செய்திதான் பெரிதாகிவிடுகிறது.

முதல்ல டாக்டர், அப்புறம்தான் கஷாயம்

இயற்கை வைத்தியத்தின் மிகப் பெரிய ஆபத்து பெரும்பாலும் மூலிகையில் இல்லை. "இது வெறும் வாயு" என்று நாமே முடிவு செய்து மாதங்களைக் கடத்துவதில்தான் இருக்கிறது.

ஐபிஎஸ் புற்றுநோயாக மாறாது. ஆனால் பெருங்குடல் புற்றுநோய், குடல் அழற்சி நோய், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், தைராய்டு கோளாறு ஆகியவை தொடக்கத்தில் ஐபிஎஸ் போலவே தோன்றலாம். மலேசியாவில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று. அதில் பாதிக்கும் மேற்பட்டவை 3 அல்லது 4ஆம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்படுகின்றன.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்:

- மலத்தில் ரத்தம், அல்லது தார் போலக் கறுப்பு மலம்
- காரணமில்லாமல் எடை குறைவது
- ரத்தசோகை, தொடர் களைப்பு
- தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு அல்லது வலி
- காய்ச்சல், தொடர் வாந்தி, வயிற்றில் கட்டி
- 50 வயதுக்குப் பிறகு முதல் முறையாகத் தொடங்கும் தொல்லை
- குடும்பத்தில் யாருக்காவது குடல் அல்லது கருப்பைச் சூலகப் புற்றுநோய்

குறிப்பாக, 50 வயதைத் தாண்டிய அம்மாவுக்கோ பாட்டிக்கோ புதிதாக வயிறு உப்பிக்கொண்டே இருந்தால், 'வாயு' என்று விட்டுவிடாதீர்கள். சூலகப் புற்றுநோயும் அப்படித்தான் தொடங்கலாம்.

தானா ராத்தாவில் இருப்பவர்களுக்கு சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். மருத்துவர் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும்தான் எழுதித் தருவார். எல்லோருக்கும் கொலனோஸ்கோபி தேவைப்படாது. தேவைப்பட்டால் மலையிறங்கிப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டி வரலாம். வளைந்து வளைந்து இறங்கும் தாப்பா சாலையை நினைத்தே சிலர் தள்ளிப் போடுவதுண்டு. மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் அப்படித் தள்ளிப் போடாதீர்கள்.

வயிறு உப்புவதற்குத் தட்டில் என்ன இருக்கிறது?

ஐபிஎஸ்ஸுக்கான இயற்கை வழிகளில் அதிக ஆதாரம் உள்ளவற்றில் ஒன்று உணவு மாற்றம். அதிலும் அதிகம் ஆராயப்பட்டது 'குறைந்த ஃபோட்மேப்' முறை. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள்.

ஃபோட்மேப் என்பவை சில வகைச் சர்க்கரைகளும் மாச்சத்துகளும். சிறுகுடல் இவற்றைச் சரியாக உறிஞ்சாது. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும்போது தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். அங்கே உள்ள பாக்டீரியா இவற்றைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்கும். எல்லோருக்கும் இது நடக்கும். கூர்மையான குடல் உள்ளவர்களுக்குத்தான் வலிக்கும்.

இப்போது அந்த ரொட்டி சானாய் பசியாறலைத் திரும்பப் பாருங்கள். மாவு கோதுமை. குழம்பில் பருப்பும் வெங்காயமும் பூண்டும். தே தாரிக்கில் பால். ஐந்து வகை ஃபோட்மேப் உணவு ஒரே தட்டில் சேர்ந்துவிடுகிறது.

பிரிஞ்சாங்கைத் தாண்டி கியா ஃபார்ம் சந்தையில் கிடைக்கும் மலைக் காய்கறிகளையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

அதிகம் தொல்லை தரக்கூடியவை:

- காலிஃபிளவர், பெரும்பாலான காளான் வகைகள், அஸ்பாரகஸ்
- இனிப்புச் சோளம் (பெரிய அளவில்)
- தேன்
- ஆப்பிள், மாம்பழம், தர்பூசணி

பெரும்பாலும் ஒத்துக்கொள்பவை:

- கேரட், கீரை, சாலட் இலை, வெள்ளரி, உருளைக்கிழங்கு
- சாதாரண முட்டைக்கோஸ் (அளவோடு)
- ஸ்ட்ராபெர்ரி (ஒரு கைப்பிடி), ஆரஞ்சு, அன்னாசி, பப்பாளி
- சோறு, முட்டை, மீன், கோழி

இது நிரந்தரத் தடைப் பட்டியல் அல்ல. பலர் தவறு செய்வது இங்கேதான். இந்த முறைக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் 2 முதல் 6 வாரங்கள் வரை ஃபோட்மேப் அதிகமுள்ளவற்றைக் குறைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது தூண்டுகிறது என்று பார்க்க வேண்டும். கடைசியில் நமக்கு ஒத்துக்கொள்ளாததை மட்டும் குறைத்து, மற்றதையெல்லாம் சாப்பிட வேண்டும்.

முதல் கட்டத்திலேயே வருஷக்கணக்கில் நின்றுவிட்டால் நல்ல குடல் பாக்டீரியா குறையும், சத்துக் குறைபாடு வரும். கர்ப்பிணிகள், குழந்தைகள், ஏற்கெனவே எடை குறைவாக இருப்பவர்கள், சாப்பாட்டைக் கண்டு பயப்படுபவர்கள் உணவியல் நிபுணரின் உதவியில்லாமல் இதில் இறங்கக் கூடாது. தீபாவளி வாரத்தில் தொடங்கவும் வேண்டாம்.

பலன் எப்படி? சுவீடனின் கோத்தன்பர்க்கில் 294 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2024இல் வெளியானது. 4 வாரங்களில், குறைந்த ஃபோட்மேப் உணவையும் வழக்கமான உணவு ஆலோசனையையும் சேர்த்துப் பின்பற்றியவர்களில் 76 சதவீதத்தினருக்குத் தொல்லை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. மருந்து எடுத்தவர்களில் இது 58 சதவீதம்.

அப்போ சாம்பாருக்கு என்ன வழி?

வெங்காயமும் பூண்டும் இல்லாத தமிழ்ச் சமையலா என்று பயப்பட வேண்டாம். சில வாரங்களுக்கு மட்டும்தான். அதற்கும் வழி இருக்கிறது.

- பூண்டில் உள்ள ஃபிரக்டன் என்ற சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெயில் முழுப் பூண்டுப் பல்லை வதக்கி, பல்லை எடுத்துவிட்டுத் தாளித்தால் வாசனை மட்டும் கிடைக்கும். அந்த எண்ணெயை அன்றே பயன்படுத்துங்கள், வெளியே வைத்து நாள்கணக்கில் சேமிக்காதீர்கள்.
- வெங்காயத் தாளின் பச்சைப் பகுதி பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். வெள்ளைக் குமிழை விட்டுவிடுங்கள்.
- பெருங்காயம், கடுகு, கறிவேப்பிலை, சீரகம், இஞ்சி, மஞ்சள் எல்லாம் வழக்கம் போலச் சேர்க்கலாம். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும். சமையலில் சேர்க்கும் சிட்டிகை அளவு பெரும்பாலோருக்குப் பிரச்சினை இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்கள் மட்டும் கோதுமை இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும்.
- பருப்பைக் குறைத்தால் புரதம் குறையும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு மலேசியாவில் நல்ல மாற்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: தெம்பே, கெட்டித் தோஃபு.
- நன்கு கனிந்த வாழைப்பழத்தில் ஃபிரக்டன் கூடும். கொஞ்சம் காயான பழம் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

மிளகாய் ஃபோட்மேப் கிடையாது. ஆனால் அதன் காரச் சத்தான கேப்சைசின் குடலின் வலி நரம்புகளை நேரடியாகத் தூண்டும். சம்பால் சாப்பிட்டதும் வலி வந்தால், குற்றவாளி வெங்காயமா மிளகாயா என்று தனித்தனியாகச் சோதித்துப் பாருங்கள்.

பழைய சோறு நல்லதா? அது குடல் நோய்களுக்கு உதவுமா என்று அறிய சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் ஆய்வு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆனால் சமைத்து ஆறிய சோற்றில், எளிதில் செரிக்காத மாச்சத்து கொஞ்சம் கூடுகிறது. இத்தகைய மாச்சத்தைக் குறைக்கும்படி பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு ஐபிஎஸ் நோயாளிகளுக்குச் சொல்கிறது. நீராகாரம் குடித்து வயிறு லேசாக இருந்தால் தொடருங்கள், உப்பினால் நிறுத்துங்கள்.

தேயிலை மலையில் இருந்துகொண்டு டீ குடிக்காம இருக்க முடியுமா?

இருக்க வேண்டியதில்லை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலையின் வாழ்க்கை தேயிலையோடு பின்னியது. எவ்வளவு, எப்படி என்பதுதான் கேள்வி.

தேநீரில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கஃபீன். அது குடல் அசைவை வேகமாக்கும், வயிற்றுப்போக்கு வகையினருக்குத் தொல்லை. தேநீர், காப்பி இரண்டையும் சேர்த்து ஒரு நாளைக்கு 3 கோப்பைக்குள் வைத்துக்கொள்ளும்படி 'நைஸ்' வழிகாட்டுதல் கூறுகிறது.

இரண்டு, பால். ஆசியர்களில் பெரும்பாலானோருக்கு வயது வந்தபின் பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைந்துவிடுகிறது. தே தாரிக்கின் கெட்டிப் பால் அதோடு சர்க்கரையையும் சேர்த்துவிடுகிறது. ஒரு வாரம் 'தே ஓ' குடித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

மூன்று, கெட்டி. நீண்ட நேரம் ஊறிய கடும் தேநீரில் ஃபிரக்டன் கூடும் என்று மொனாஷ் அளவீடுகள் காட்டுகின்றன. லேசாக ஊறவைத்த தேநீருக்கு அந்தச் சிக்கல் குறைவு.

மலைக் குளிரில் தாகம் அவ்வளவாகத் தெரியாது. அதனால் மலச்சிக்கல் உள்ளவர்கள் தேநீரை மட்டும் கணக்கில் வைக்காமல் வெந்நீரும் சேர்த்துக் குடிக்க வேண்டும்.

நார்ச்சத்து நல்லதுதானே?

எல்லா நார்ச்சத்தும் ஒன்று அல்ல. நெதர்லாந்தில் 275 நோயாளிகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஒரு குழுவுக்கு இசப்கோல், இன்னொன்றுக்குக் கோதுமைத் தவிடு, மூன்றாவதற்குப் போலி மருந்து, 12 வாரங்கள். இசப்கோல் குழுவினருக்கு நல்ல பலன் கிடைத்தது. தவிடு சாப்பிட்ட சிலருக்குத் தொல்லை கூடி, பாதியிலேயே விலகினார்கள்.

காரணம் எளிது. இசப்கோல் தண்ணீரில் கரைந்து கூழாகும். அது மலத்தை மென்மையாக்கவும் செய்யும், தளர்ந்த மலத்தைக் கட்டவும் செய்யும். அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரி 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இத்தகைய கரையும் நார்ச்சத்தைத்தான் பரிந்துரைக்கிறது.

ஒரு டீஸ்பூனில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். ஒரு முழுக் குவளைத் தண்ணீரோடு குடியுங்கள். முதல் வாரம் கொஞ்சம் வாயு வரலாம். வேறு மருந்து சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். ஓட்ஸும், நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி வரை ஆளி விதையும் உப்புசத்துக்கு உதவலாம் என்கிறது 'நைஸ்'.

அஞ்சறைப்பெட்டியும் மூலிகையும்: எதுக்கு ஆதாரம் இருக்கு?

புதினா எண்ணெய்: வலிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. இதில் உள்ள மெந்தால் குடல் தசையைத் தளர்த்துகிறது. ஆய்வுகளில் பயன்பட்டது குடலில் கரையும் உறையிட்ட மாத்திரை. புதினாத் துவையலோ, தேநீரில் போடும் இலையோ அதே அளவு வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 190 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், முதன்மை அளவுகோலில் போலி மருந்தைவிட அது மேலாக இல்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அதைக் கூட்டவும் செய்யலாம்.

இஞ்சி: குமட்டலுக்கு நல்லது. ஆனால் ஐபிஎஸ் நோயாளிகள் 45 பேரிடம் 28 நாள்கள் நடத்தப்பட்ட சிறிய ஆய்வில் (2014), இஞ்சி போலி மருந்தைவிட மேலாக இல்லை. பிடித்தால் குடிக்கலாம், மருந்து என்று நம்பி அல்ல.

ஓமம், சோம்பு, சீரகம்: சாப்பாட்டுக்குப் பின் வயிறு லேசாவதாகப் பலர் உணர்கிறார்கள். சமையல் அளவில் பெரிய ஆபத்து இல்லை. வலுவான ஆய்வுகளும் இல்லை.

வெந்தயம்: கரையும் நார்ச்சத்து நிறைய உண்டு. ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்பதால், நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்கள் தினமும் அதிகமாக எடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மஞ்சள்: குழம்பில் போடுவது வேறு, மிளகுச் சத்து சேர்த்த அதிக அளவு மாத்திரை வேறு. அத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன.

கற்றாழை: ஐபிஎஸ்ஸுக்கு வேண்டாம் என்றே 'நைஸ்' சொல்கிறது. தோலுக்கு அடியில் உள்ள மஞ்சள் பால் கடும் பேதியைத் தரும்.

நிலாவரை: மலச்சிக்கலுக்கான பல சூரணங்களிலும் 'டீடாக்ஸ்', 'ஸ்லிம்மிங்' டீ பைகளிலும் இருப்பது இதுதான். பேதி ஆகும், உண்மை. தினமும் நாமாகவே எடுத்தால் வயிற்று முறுக்கல், உடலின் உப்புச் சத்துகள் குறைவது போன்ற விளைவுகள் வரும்.

தயிர், புரோபயாட்டிக் பானம்: ஆய்வு முடிவுகள் கலவையாக உள்ளன. அமெரிக்க வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. 'நைஸ்' வேண்டுமானால் ஒரே வகையை 4 வாரங்களாவது எடுத்துப் பார்க்கலாம் என்கிறது. பலன் தெரியாவிட்டால் காசை மிச்சப்படுத்துங்கள்.

"ஆனா எங்க பாட்டிக்குக் கேட்டுச்சே!"

கேட்டிருக்கும். ஐபிஎஸ் தானாகவே ஏறி இறங்கும் நோய். மோசமான வாரத்தில்தான் நாம் மருந்து தேடுவோம். அடுத்த வாரம் தானே குறைந்தாலும் பெயர் கஷாயத்துக்குப் போகும்.

இன்னொன்றும் உண்டு. 2010இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 80 ஐபிஎஸ் நோயாளிகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவினரிடம், "இது மருந்தே இல்லாத வெறும் மாத்திரை" என்று சொல்லியே கொடுத்தார்கள். 3 வாரங்களில், எதுவும் எடுக்காதவர்களைவிட அவர்களுக்குத் தொல்லை அதிகம் குறைந்தது. அக்கறையோடு ஒருவர் கவனிப்பதும், நம்பிக்கையும், தினசரி ஒழுங்கும் குடலைத் தொடுகின்றன என்பதையே இது காட்டுகிறது. பாட்டி கையால் வாங்கிக் குடிக்கும் சீரகத் தண்ணீருக்கு அந்தப் பலமும் உண்டு. தீங்கில்லாத வரை அதைக் கைவிட வேண்டியதில்லை.

சூரணமோ ஜாமுவோ வாங்கும் முன்

மலேசியாவில் விற்கப்படும் பதிவான பாரம்பரிய மருந்துகளில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி, 8 இலக்கங்களோடு 'டி' என்ற எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கும். சுகாதார அமைச்சின் கீழ் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். பதிவு எண் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் ஓர் அடிப்படைச் சோதனை. நோயைக் குணமாக்கும் என்பதற்கு அது சான்று அல்ல.

ஏன் இவ்வளவு கவனம்? பதிவில்லாத ஜாமுக்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் (2008), ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. ஈய நஞ்சே வயிற்று வலியையும் மலச்சிக்கலையும் தரும். அதாவது, வயிற்று வலிக்கு வாங்கிய மருந்தே வயிற்று வலியைத் தரலாம்.

மனசு, நடை, நேரம்

குடலும் மூளையும் பேசிக்கொள்வதால், மனத்தை அமைதிப்படுத்துவதும் நேரடி சிகிச்சையே. குடலை மையமாக வைத்த மனவசியச் சிகிச்சை பலன் தருவதாக மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழு 1984இலேயே காட்டியது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிபிடி என்ற உளவியல் சிகிச்சைக்கும் நல்ல ஆதாரம் உண்டு. தினமும் 10 நிமிடம் வயிறு ஏறி இறங்க மெதுவாக மூச்சு விடுவது செலவில்லாத தொடக்கம்.

யோகா? ஜெர்மனியில் 59 நோயாளிகளிடம் 12 வாரங்கள் நடத்திய ஆய்வில் (2018), யோகாவும் குறைந்த ஃபோட்மேப் உணவும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. உடற்பயிற்சிக்கும் அதே கதைதான். சுவீடனில் 102 பேரிடம் நடத்திய ஆய்வில் (2011), வாரம் 3 முதல் 5 நாள்கள் உடற்பயிற்சி செய்தவர்களில் 8 சதவீதத்தினருக்கே தொல்லை மோசமானது. செய்யாதவர்களில் இது 23 சதவீதம். கொழுந்து பறிப்பவர்களுக்கு நடை பஞ்சமில்லை. ஹோட்டல் கவுண்டரிலும், வேன் ஓட்டுநர் இருக்கையிலும் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் இது வேண்டும்.

தோட்ட வேலையில் வேறொரு சிக்கல் இருக்கிறது. சரிவில் நிற்கும்போது கழிப்பறை பக்கத்தில் இருக்காது. அதனால் சிலர் காலையில் சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலைக்குக் கிளம்புகிறார்கள். நீண்ட பஸ் பயணம் போகிறவர்களும் இதையே செய்கிறார்கள். பிறகு மதியம் ஒரேயடியாக நிறையச் சாப்பிடும்போது தொல்லை இரட்டிப்பாகும்.

சாப்பிட்டதும் பெருங்குடல் அசைவது இயல்பு. அதைப் பகைத்துக்கொள்வதைவிடப் பயன்படுத்திக்கொள்வது நல்லது. கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே எழுந்து, சிறிதளவு சாப்பிட்டு, வெந்நீர் குடித்து, கழிப்பறையில் அவசரமில்லாமல் உட்காருங்கள். வேலையிடத்தில் மேற்பார்வையாளரிடம் கழிப்பறைக்குப் போக நேரம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

1. மருத்துவரைப் பார்த்து இது ஐபிஎஸ்தான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.
2. 2 வாரங்களுக்கு என்ன சாப்பிட்டீர்கள், எப்போது வலித்தது, மலம் எப்படி இருந்தது, தூக்கம், மாதவிடாய், மன அழுத்தம் எல்லாவற்றையும் கைப்பேசியில் குறித்து வையுங்கள்.
3. முதலில் எளிய மாற்றங்கள்: நேரத்துக்குச் சாப்பாடு, 3 கோப்பைக்குள் தேநீர், குறைந்த காரம், தினமும் நடை.
4. அடுத்து இசப்கோல், 4 வாரங்கள்.
5. பிறகும் தொல்லை இருந்தால் உணவியல் நிபுணரின் உதவியோடு குறைந்த ஃபோட்மேப் முறை.
6. நீங்கள் எடுக்கும் மூலிகை, சூரணம், ஜாமு எல்லாவற்றையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாக்கெட்டையே கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது.

இவையெல்லாம் போதாமல் போகலாம். வலி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் தரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. அவற்றை எடுப்பதால் இயற்கை வழியைக் கைவிட்டதாக ஆகாது. இரண்டும் சேர்ந்தே போகலாம்.

ஐபிஎஸ் உயிரைப் பறிக்காது, ஆனால் கல்யாண விருந்து, வெளியூர்ப் பயணம், வேலை என ஒவ்வொன்றாக விலக்க வைத்துவிடும். தன் குடலுக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று பொறுமையாகக் கண்டுபிடித்தவர்களில் பலர் அவற்றையெல்லாம் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். காலையில் அந்த ரொட்டி சானாயை எப்போதாவது ஒரு நாள் சாப்பிடுவது உள்பட.